இருப்பகத்து ஜெனரேட்டர்

ஞாயிறுதோறும் இருப்பகத்தின் முன்வாசலில் மாமனாரோடு வரிசையில் நிற்கிற ஜெசிந்தா, அன்று செவ்வாய்க்கிழமை, வேனில் ஏணியும் கருவிப்பெட்டியும் புது சார்ஜரும் இரண்டு புது பேட்டரிகளுமாகப் பின்வாசல் வழியே வந்தாள். காவலாளிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேலையில் பார்த்த முகத்தைத் தலைக்கவசத்துக்குள் அவரால் பொருத்திப் பார்க்க முடியவில்லை போலும்.

இருப்பகம் தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி, சன்னலே இல்லாத வெள்ளைக் கட்டடம். சாகக் கிடக்கிற ஒருவரின் மூளைக்குள் ஓடும் மின்னோட்டத்தைக் கடைசி மணி நேரத்தில் அப்படியே இங்குள்ள சுற்றுகளுக்கு மாற்றிவிடுவார்கள். உடம்பு கல்லறைக்குப் போகும்; ஓட்டம் இங்கே தொடரும். நினைவு இருக்கும், யோசனை இருக்கும், கோபம்கூட இருக்கும். வாரம் ஒருமுறை சொந்தக்காரர்கள் வந்து பேசலாம். அந்த வளாகத்துக்குள் ‘செத்தவர்’ என்ற சொல் கிடையாது. ‘இருப்பவர்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் கணவன் ரெமிஜியுசும் ஓர் இருப்பவன். துறைமுகத்தில் கன்டெய்னர் சரிந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவர் சொன்ன சிறிது நேரத்தில் இருப்பகத்து ஆட்கள் வந்தார்கள். ஜெசிந்தா கையெழுத்துப் போட்டாள். கேட்டால் பதில் சொல்லும் நிலையில் அவன் இல்லை.

முதல் ஞாயிறே அவன் கேட்டது அதைத்தான். தன்னை ஏன் விடவில்லை என்று கேட்டான். “இங்க ஒறக்கம் இல்ல ஜெசி. கண்ண மூடணும்னு தோணுது. மூடுறதுக்குக் கண்ணு இல்ல.” அடுத்த வாரமும் அதையே சொன்னான். அதற்கடுத்த வாரமும். வருடக்கணக்கில் அவள் அந்தக் கேள்விக்காகவே போய் உட்கார்ந்து, பதில் இல்லாமல் எழுந்து வந்தாள். போகாமல் இருக்கவும் முடியவில்லை. மாமனார் கஸ்பார் தன் முறை வரும்போது உள்ளே போய்ச் சண்டை போட்டுவிட்டு, சிவந்த கண்ணோடு வெளியே வருவார்.

சென்ற ஐப்பசியில் பெரும்புயல் அடித்தது. கம்பங்கள் விழுந்து ஊரே பல நாள் இருட்டில் கிடந்தது. இருப்பகம் பராமரிப்புக்காக என்று சொல்லி மூடி, ஒரு மாதம் போல் கழித்துத் திறந்தது. இருப்பவர் ஒருவருக்கும் ஆபத்து இல்லை, ஜெனரேட்டர் எல்லோரையும் காப்பாற்றிவிட்டது என்றார்கள். அன்று உள்ளே போனவளிடம் ரெமிஜியுஸ் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. “நீ நல்லதுக்குத்தானே செஞ்சே. எனக்கு இங்க பழகிட்டு” என்றான். ஜெசிந்தா பேருந்தில் வீடுவரை அழுதுகொண்டே வந்தாள். அதன்பிறகு அவளுக்குப் பசித்தது. சிரிப்பு வந்தது. பெட்டியில் கிடந்த பச்சைச் சேலையை எடுத்துக் கட்டினாள். ஞாயிறு எப்போது வரும் என்று இருந்தது.

அதனால்தான் மேலாளர் சங்கரவேல் தொலைபேசியில் கூப்பிட்டு, ஜெனரேட்டருக்கு பேட்டரி சார்ஜர் மாற்ற வேண்டும், “உங்க வீட்டுக்காரரும் இங்க இருக்காரு, நீங்கன்னா கவனமா செய்வீங்க” என்றபோது, வேறு எந்த வேலையையும் ஒத்திவைக்கலாம் என்று உடனே ஒப்புக்கொண்டாள்.

ஜெனரேட்டர் அறை கட்டடத்தின் பின்னால் தனியாக இருந்தது. அவளோடு நெடுநாளாக வயரிங் வேலை பார்க்கும் இசக்கியப்பன் கதவைத் திறந்து காற்றாடியைப் போட்டான். பேட்டரி இருக்கும் அறையில் காற்றோட்டம் முதலில் வேண்டும். சார்ஜ் ஆகும்போது வருகிற வாயு தேங்கியிருந்தால் ஒரு பொறி போதும். சுவரில் பழைய சார்ஜர். தரையில் கட்டைமேல் இரண்டு பெரிய பேட்டரிகள். அவற்றுக்கு அப்பால், லாரியளவு நீளத்தில் ஜெனரேட்டர்.

தொடுவதற்கு முன்னால் ஜெனரேட்டரை நிறுத்தத்தில் வைத்துப் பூட்டுப் போட வேண்டும் என்று ஜெசிந்தா சங்கரவேலிடம் சொன்னாள். தானியங்கியாக விட்டுவிட்டால், ஊர் மின்சாரம் போகிற நொடியில் அது தானே கிளம்பும். உள்ளே கை வைத்திருப்பவரின் கை இருக்காது. இந்தப் பேச்சு எப்போதும் சண்டையில்தான் முடியும். ஆஸ்பத்திரி மேலாளர்கள் கெஞ்சுவார்கள், ஐஸ் தொழிற்சாலை முதலாளிகள் கத்துவார்கள். சங்கரவேல் மறுக்கவில்லை. “பூட்டிக்கோங்க மேடம்” என்று சொல்லிவிட்டுக் கதவருகில் போய் நின்றுகொண்டார்.

இத்தனை உயிரைக் காக்கும் யந்திரத்தைப் பூட்டுவதற்கு இவர் ஏன் பதறவில்லை என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. யு.பி.எஸ். இருக்கிறதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். யாரும் தொடக்கூடாது என்ற சிவப்பு அட்டையை மாட்டினாள்.

கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. பிரித்துப் பார்த்தாள். சார்ஜ் ஏறவில்லை என்று எச்சரிக்கும் விளக்கு. அது எரியவும் இல்லை. எரிவதற்கு பேட்டரியில் ஏதாவது இருக்க வேண்டும். மீட்டரை வைத்தபோது முள் அசையவே இல்லை.

பேட்டரிகளின் பக்கங்கள் புடைத்திருந்தன. மூடியைத் திறந்து விளக்கடித்தால் உள்ளே தகடெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ஒரு வாரத்தில் வருகிற பூப்பு அல்ல அது. ஈய முனைகளில் மட்டும் பல் பதிந்த புதுத் தடங்கள். எப்போதோ வெளியிலிருந்து வேறொரு பேட்டரியைக் கொண்டுவந்து இடுக்கிபோட்டுக் கிளப்பியிருக்கிறார்கள்.

இசக்கியப்பன் பழைய சார்ஜருக்கு வருகிற வயரைப் பிடித்துக்கொண்டே சுவரோரமாகப் போனான். வயர் போய்ச் சேர்ந்த இடத்தில் குனிந்து விளக்கடித்தான். பிறகு அவளைக் கூப்பிட்டான்.

“அக்கா, இது மெயின் போர்டுலேருந்து வரல. ஜெனரேட்டரோட அவுட்புட்லேருந்து எடுத்திருக்கான்.”

அவள் குனிந்து பார்த்தாள். உண்மைதான். இருப்பகம் முதன்முதலில் திறந்தபோது அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு, வயர்மேலும் கிளிப்புகள்மேலும் உடையாமல் படிந்திருந்தது. அன்றிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை.

“ஜெனரேட்டர் ஓடுனாத்தான் சார்ஜருக்குக் கரண்ட் வரும்” என்றான் இசக்கியப்பன். “பேட்டரியில சார்ஜ் இருந்தாத்தான் ஜெனரேட்டர் ஓடும். சும்மா நிக்கும்போது இந்தப் பலகையே கொஞ்சங் கொஞ்சமா பேட்டரியக் குடிச்சிரும். திறப்பு விழாவுக்கு ஓட்டியிருப்பான். அப்பறம் ரெண்டு மூணு மாசத்துல செத்திருக்கும்.”

“இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கி மட்டும் வெளியிலேருந்து பேட்டரி கொண்டாந்திருக்காங்க.”

“ஆமாக்கா. இல்லன்னா இது…” அவன் பாதியில் நிறுத்தினான். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டான்.

புயல் என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. இருப்பவரின் ஓட்டம் ஒரு நொடி நின்றாலும் திரும்ப வராது. கையெழுத்து வாங்கும்போதே தெளிவாகச் சொன்னார்கள். படமோ பாட்டோ போலச் சேமித்து வைக்கக்கூடியது அல்ல, ஓடுகிறவரை உண்டு. யு.பி.எஸ். தாங்குவது அரை மணிக்கும் குறைவு. ஊர் பல நாள் இருட்டில் கிடந்தது.

ஜெசிந்தா எழுந்து நின்றாள். கையுறையைக் கழற்றினாள். சங்கரவேல் கதவருகிலிருந்து நகரவில்லை. அவள் அந்த வயரைப் பார்த்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

“எத்தனை பேரு போனாங்க?”

“அன்னைக்கி உள்ள இருந்த எல்லாரும்” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

“அப்ப ஞாயித்துக்கெழம எங்கிட்ட பேசுறது யாரு?”

அவர் சொன்னார். வருகிறவர்கள் பேசியது, இருப்பவர்கள் பேசியது எல்லாமே முதல் நாளிலிருந்து பதிவாகி இருந்தது. மேலிடத்தில் அதை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு பேசும் கணினி நிரல் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குத்தான் ஒரு மாத விடுமுறை. பழைய கோபதாபங்களை எடுத்துவிடச் சொன்னது தான்தான் என்றும் சொன்னார். வருகிறவர்கள் மனம் நோகக்கூடாது என்று நினைத்தாராம்.

அவள் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வந்த ஒவ்வொரு ஞாயிறும் கண்முன் வந்தது. அந்தக் குரலிடம் அவள் சொன்னவை வந்தன. கல்யாணமான புதிதில்கூட அவனிடம் சொல்லாததையெல்லாம் சொல்லியிருந்தாள். அது பொறுமையாகக் கேட்டிருந்தது.

“இத்தன மாசமா சும்மா இருந்துட்டு இப்ப எதுக்கு சார்ஜர் மாத்துறீங்க?”

“எங்க அம்மாவ போன மாசம் இங்க சேத்திருக்கேன் மேடம்.” அவர் கட்டடத்துச் சுவரைக் காட்டினார். “அவங்க நெசம். புயலுக்கப்பறம் வந்தவங்க எல்லாரும் நெசம். பழைய ஆளுங்கதான்…”

“இவ்வளவு தெரிஞ்சும் ஏன் சேத்தீங்க?”

“நீங்க ஏன் கையெழுத்துப் போட்டீங்க?”

ரெமிஜியுஸ் வருடக்கணக்கில் கேட்ட அதே கேள்வி.

இசக்கியப்பன் கருவிகளைப் பெட்டிக்குள் போட ஆரம்பித்திருந்தான். போய்விடலாம் என்றான், இந்த இடத்தில் இனி ஒரு திருகாணியைக்கூடத் தொட வேண்டாம் என்றான். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம், போன மாதம் வந்த கிழவியும் புயலுக்குப் பிறகு வந்த மற்றவர்களும் ஊர் மின்சாரத்தை மட்டும் நம்பிக்கொண்டு, அது தெரியாமலே, ஏதோ யோசித்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களும் உறக்கத்துக்கு ஏங்குகிறார்களோ என்னவோ. அதை அவர்களிடம் யாராவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தப்பான வயர் முடிவு செய்யக்கூடாது.

“பெட்டியிலேருந்து சாமான வெளிய எடு” என்றாள்.

மெயின் போர்டில் சார்ஜருக்கென்று தனி பிரேக்கர் வைத்து, அங்கிருந்து புது வயர் இழுத்து, பிரேக்கரையும் நிறுத்திப் பூட்டினாள். பழைய பேட்டரிகளின் நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றினாள். புதிய சார்ஜரை பேட்டரிக்கு நேர்மேலே மாட்டாமல், ஆவி படாத, இஞ்சின் அதிர்வு எட்டாத எதிர்ச்சுவரில் மாட்டினாள். புது பேட்டரிகளைத் தூக்கி வைத்தார்கள். அவள் பாசிட்டிவ் கம்பிக்கு ஃபியூஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது காற்றாடி சுற்றல் குறைந்து நின்றது. விளக்கு அணைந்தது.

கட்டடத்துக்குள்ளிருந்து யு.பி.எஸ்.ஸின் கீச்சொலி விட்டு விட்டுக் கேட்க ஆரம்பித்தது.

உப்பளப் பக்கம் பகலில் மின்சாரம் போவது வழக்கம்தான். ஐந்து நிமிடத்திலும் வரும், அந்தியிலும் வரும். சங்கரவேல் ஓடி வந்தார். கம்பியை நேராக வைத்து மாட்டிவிடச் சொன்னார், ஃபியூசெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றார், அம்மா அம்மா என்றார். ஜெசிந்தா தலையை நிமிர்த்தாமல், கதவுக்கு வெளியே போய் நிற்கச் சொன்னாள்.

புயல் அன்று இந்த அறைக்குள் யாராவது இப்படிக் குனிந்து எதையாவது முடுக்கினார்களா, அல்லது இந்தக் கீச்சொலியைக் கேட்டபடி எல்லோரும் சும்மா நின்றார்களா என்ற நினைப்பு வந்தது. உள்ளே ரெமிஜியுஸ் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பானா? கேட்டால் என்ன நினைத்திருப்பான்? அவள் ஒரு மூச்சு விட்டு, ஃபியூசை முடுக்கினாள். இரண்டு பேட்டரிகளையும் சேர்க்கும் கம்பி. பாசிட்டிவ். நிறத்தை இரண்டாம் முறை பார்த்தாள். மீட்டர் வைத்துப் பார்த்தாள். நெகட்டிவைக் கடைசியாக மாட்டி முடுக்கி, முனைகளுக்கு மூடி போட்டாள். கருவிகளை எண்ணிப் பெட்டியில் போட்டபின் இசக்கியப்பனை வெளியே அனுப்பினாள். பிறகுதான் பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

பூட்டைத் திறந்து தானியங்கியில் வைத்த மறுநொடி ஜெனரேட்டர் ஒருமுறை முனகியது. பிறகு தரை அதிரக் கிளம்பியது. கீச்சொலி நின்றது. விளக்கு வந்தது.

சங்கரவேல் வாசலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர்மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. வந்ததே என்று எரிச்சலாகவும் இருந்தது.

ஊர் மின்சாரம் பிற்பகலில் திரும்பியது. சார்ஜரின் பிரேக்கரைப் போட்டு, பேட்டரி வகைக்கு ஏற்ற அளவு ஏறுகிறதா என்று உட்கார்ந்து பார்த்தாள். முள் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. வேலை முடிந்தது. இசக்கியப்பனை வேனில் இருக்கச் சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் கட்டடத்துக்குள் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

பேசும் அறையில் வழக்கமான நாற்காலி, வழக்கமான குளிர். அவள் உட்கார்ந்ததும் குரல் வந்தது.

“என்ன ஜெசி, இன்னைக்கி செவ்வாக்கெழமையாச்சே. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

அவன் குரலேதான். ‘ஜெசி’யில் அந்த லேசான இழுப்பு. அவளுடைய உடம்பு அவளைக் கேட்காமலே அந்தப் பக்கம் சாய்ந்தது. தன் கைகளைத் தானே பிடித்துக்கொண்டாள். கேட்பதற்கு எத்தனையோ இருந்தது. அவளுக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

“ஒங்களுக்கு ஒறக்கம் வருதா?”

“நல்லா ஒறங்குறேனே. கனவெல்லாம் வருது. கனவுலயும் நீதான்.”

குரல் அவள் சாப்பிட்டாளா என்று விசாரித்தது. அப்பாவின் மூட்டுவலி எப்படி என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். எழுந்தபோது, இது யாருமில்லை என்று தெரிந்தும், சொல்லாமல் போக மனம் வரவில்லை. “வாரேன்” என்றாள். “மெல்லப் போ” என்றது குரல்.

வீட்டில் கஸ்பார் அடுக்களையில் சாளை மீன் அலசிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் போனபின் சமையல் அவருடையது. மருமகள் வந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு எதிரே வந்து அமர்ந்தார். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று அவள் தவித்திருந்தாள். புயலுக்குப் பிறகு அந்த மனிதர் ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை. உள்ளே போய்ச் சண்டையில்லாமல் பேசிவிட்டு வருவதில் அவருக்கும் ஒரு நிம்மதி வந்திருக்கிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

வயரிலிருந்து ஆரம்பித்தாள். ஜெனரேட்டர் ஓடாதது, புயல், மேலாளர் சொன்னது. அவள் முடித்ததும் கஸ்பார் மீன்சட்டிப் பக்கம் திரும்பினார்.

“தெரியும்மா” என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

“வயரு கியரெல்லாம் எனக்குத் தெரியாது. புயலுக்கப்பறம் தெறந்த மொத ஞாயித்துக்கெழம உள்ள போனேன்லா. சாப்பிட்டியாப்பான்னு கேட்டுச்சு. எம் மவன் பொறந்ததுலேருந்து எங்கிட்ட அப்படிக் கேட்டதில்ல. எங்க ரெண்டு பேருக்கும் பேச்சுன்னா அது சண்டதான். அப்பமே தெரிஞ்சிட்டு, இது அவன் இல்லன்னு.”

“ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?”

“வெளிய வந்தேன். நீ அழுதுக்கிட்டே சிரிச்சே. அவன் போனதுலேருந்து உன் மொகத்துல சிரிப்ப நான் பாத்ததில்ல.” அவர் தோளைக் குலுக்கினார். “சரி, வாரா வாரம் போயி அதுக்கிட்ட உக்காந்து, மூட்டுவலியப் பத்திச் சொல்லிட்டு வருவோம்னு இருந்தேன்.”

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அந்த அறையில் வராதது, வேனில் வராதது. கஸ்பார் அவளை அழ விட்டார். மீனுக்கு உப்பும் மஞ்சளும் போட்டு மூடி வைத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். கோயிலுக்குப் போய்ச் சாமியாரைப் பார்க்க வேண்டும் என்றார். அடக்கம் அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, இருக்கிறவனுக்கு எதற்கு என்று சொல்லி அவர் மகனின் ஆத்மாவுக்காக ஒரு பூசைகூடக் கொடுத்ததில்லை.

“அவருக்கு மட்டும் வேண்டாம் மாமா” என்றாள் ஜெசிந்தா. “அன்னைக்கி உள்ள இருந்த எல்லாருக்கும் சேத்துக் குடுப்போம். பேரு நான் கேட்டு வாங்குதேன். மேலாளர் சொல்லுவாரு.”

“பூசையில எல்லாப் பேரையும் பீடத்துலேருந்து வாசிச்சா ஊருக்கே தெரிஞ்சிரும்.”

“தெரியட்டும்.”

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். மறுக்கவில்லை. செருப்பை மாட்டும்போது, இறந்த தேதி கேட்பார்களே என்றார். புயல் அடித்த நாள் அவருக்கு நினைவில்லை. அவள் சொன்னாள்.

“கரண்டு எப்பம் போச்சு அன்னைக்கி?”

“சாயந்தரம். நான் கொடியில துணி எடுத்துக்கிட்டிருந்தேன்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். யு.பி.எஸ். தாங்கியிருக்கும் நேரத்தைக் கூட்டினாள். “இருட்டுறதுக்கு முந்தியே ஒறங்கியிருப்பாரு மாமா.”

கஸ்பார் தலையை ஆட்டினார். இருவரும் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினார்கள்.